அப்பாவின் விமானம் கிழக்கே போனபோது

மக்கா,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, முதல்ல நான் சொல்லுகத கேளு" என்று நீ தொடங்கிவிடுவாய். நானும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தி, கடைசியில் உன் மனைவி போனை வாங்கி, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு முடித்து வைப்பாள். போன முறையும் அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. பள்ளிக்கூட மைதானத்தில் காலமெல்லாம் விசில் ஊதிக் கத்திய பி.டி. டீச்சருக்கு இப்படியும் ஒரு வசதி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ இருக்கும் அடுக்குமாடியில், அதே தளத்தில், ஒரு வீடு காலியாகிறது. இங்கே இருக்கிற வீட்டை விலைக்குக் கொடுத்துவிட்டு நானும் அப்பாவும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். இந்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். இதுதானே நீ கேட்டது? "அப்பா எங்கயாவது விழுந்துட்டா யாரும்மா தூக்குவா?" என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அது என் காதில் விழாமல் இல்லை. நீ பாசத்தில்தான் கேட்கிறாய் என்று தெரிவதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அந்த வார்த்தையை இப்போதே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். முதலில் விமானத்தைப் பற்றிப் படி. அது விழுந்தது வரைதான் உனக்குத் தெரியும்.

அப்பா ஓய்வு பெற்றபோது அந்தப் பெட்டியை அனுப்பியவன் நீதான். உள்ளே பால்சா மரத்தில் வெட்டிய துண்டுகள், கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒரு மோட்டார், பேட்டரி, வாலையும் இறக்கை மடலையும் அசைக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள், ரிமோட், பாய் மாதிரி விரிக்கிற ஒரு பெரிய வரைபடம். எப்போதோ நிஜமாகவே பறந்த ஒரு சின்ன விமானத்தின் அதே அச்சு, அளவில் மட்டும் சிறியது. பொதுப்பணித்துறையில் ஆயுசு முழுக்கப் பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைந்த மனுஷனுக்கு அந்த வரைபடத்தைக் கண்டதும் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து நாலு மூலையிலும் ஊசி குத்தினார். அன்றிலிருந்து நாங்கள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். "ஒரு மாசந்தான்" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

இறக்கையின் விலா எலும்புகளை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண் விஷயம் தெரிந்தது. கோட்டாறு கம்போளத்தில், சந்தைக் கூட்டத்துக்குள், ஸ்கூட்டரை ஒரு பழ வண்டி மேல் கொண்டுபோய் இடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் மட்டிப் பழம் நசுங்கியதோடு சரி. ஆனால் வண்டி பக்கத்திலேயே நின்றதாம், தான் பார்க்கவே இல்லையாம். அதற்குப் பிறகு கவனித்தேன்: கதவு நிலையில் தோள் இடிக்கிறது, பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைக் கை தட்டிவிடுகிறது. நாகர்கோவிலில் டாக்டர் சொன்னதை அன்றைக்கே உனக்கும் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம், வலியே இல்லாமல் வருஷக் கணக்காகத் தின்றிருக்கிறது. நடுவில் தெரியும், சுற்றிலும் தெரியாது. போனது திரும்பாது, மீதியைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். பப்பாளி இலைத் தண்டின் குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி என்று அப்பா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஊசிகளைப் பிடுங்கினார். வரைபடத்தைச் சுருட்டினார். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததுதான் மக்கா, உனக்குப் போனில் தெரிந்திருக்காது. நீ கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், சொட்டு மருந்து போடுகேன்" என்பார். நீயும் சரி என்று வைத்துவிடுவாய். பேப்பர் வாங்கக்கூடப் போகமாட்டார். சட்டை மாற்றச் சொன்னால்தான் மாற்றுவார். தண்ணீர் வேண்டுமென்றால் கையை நீட்டுவார், நான் டம்ளரைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைக்க வேண்டும். நானும் வைத்தேன். பாவம் என்று நினைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய் வைத்தேன். அவரும் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நாற்காலிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார். எனக்குப் பயம் வந்தது. கண் போனதற்கு இல்லை, ஆளே போய்விடுவாரோ என்ற பயம். கிணற்றடியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, அழுகையைவிடக் கோபம்தான் எனக்குச் சரியாக வரும்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன்.

"என்னத்துக்கு ஏட்டி அத எறக்குன?"

"ஒட்டி முடிக்கதுக்கு."

"யாரு ஒட்டப் போறா?"

"நீங்கதான். கண்ணு என்னது, கை உங்களது."

"சவத்த எடுத்து மேல வை."

"வைக்கமாட்டேன். மேசையில எடம் இல்லாம தரையில இருந்து சாப்பிட்டவ நானாக்கும். பாதியில விடதுக்கா சாப்பிட்டேன்?"

இரண்டு நாள் அவர் பக்கத்தில் வரவில்லை. நானே வரைபடத்தை விரித்து, நம்பர் பார்த்து, ஒரு விலாவைத் தலைகீழாக ஒட்டினேன். தடவிப் பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படி ஒரு இறக்கையோட காக்காகூட பறக்காது" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் நம்பரை வாசிப்பேன், அவர் விரல் நுனியால் மரத்தின் ரேகையைத் தடவிப் பார்த்து, தேய்த்து, பொருத்துவார். அந்தப் பசை என் விரலையும் இறக்கையையும் சேர்த்து ஒட்டியது. மேலே போர்த்துகிற மஞ்சள் பிலிமை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் சுருங்கி முரசுத் தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். சூடு அதிகமாக வைத்து நான் இடது இறக்கையில் ஒரு பெரிய ஓட்டை போட்டேன். அதற்கு அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சத்தம் அது. கடைசியில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினார். விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் விரலில் நின்றது. "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் எல்லாம் அறுத்த தாளோடு கிடந்த நேரம். பூதப்பாண்டி போகிற ரோட்டுக்குக் கிழக்கே நமக்குத் தெரிந்த அண்ணாச்சியின் வயலைக் கேட்டோம். "தாராளமா விடுங்க டீச்சர். மாடு ஒண்ணையும் அன்னைக்கு அவுத்து விடமாட்டேன்" என்றார். வயலின் தெற்கு ஓரத்தில் நெல் அடிக்கிற சிமெண்டுக் களம். ஓடி எழும்ப அது போதும். வடக்கே மலை, கிழக்கே தென்னந்தோப்பு. முதல் நாள் நீயும் வீடியோவில் இருந்தாய். ஸ்கூட்டர் இப்போது நான்தான் ஓட்டுகிறேன், அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். களத்தில் ஓடி விமானம் எழும்பியபோது நீ அங்கே கை தட்டினாய், அண்ணாச்சி இங்கே துண்டை வீசினார். அப்பா ரிமோட்டைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். விமானம் மலைப் பக்கம் போய்த் திரும்பி எங்களை நோக்கி வந்தது. அப்போது அவருடைய பப்பாளிக் குழலை விட்டு அது வெளியே போய்விட்டது.

"ஏட்டி, எங்க?"

எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் வலது பக்கம், தோப்புப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கொண்டுவர வேண்டும். "இடது!" என்று கத்தினேன். நீயும் போனில் "லெஃப்ட், லெஃப்ட்" என்றாய். அவர் இடது பக்கம் தள்ளினார். விமானமோ எங்களைப் பார்த்து வருகிறது, அதன் இடது எங்களுக்கு வலது. தோப்பை நோக்கி இன்னும் வேகமாகப் போனது. நான் இன்னும் உரக்க "இடது! இடது!" என்றேன். காலமெல்லாம் பிள்ளைகளை இடது வலது என்று நடக்க வைத்தவளுக்கு, எதிரே வருகிறவனின் இடது எது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் என் சொல்லை நம்பி முழுக்கத் தள்ளினார். ஒரு தென்னை மட்டையில் அடித்து, இறக்கை நடுவில் முறிந்து கீழே வந்தது.

அப்பா ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். நான்தான் கையைப் பிடித்து ஸ்கூட்டர் வரை கூட்டிவந்தேன். நீ போனில் "போதும்மா, அப்பாவ இனி கஷ்டப்படுத்தாத" என்றாய். அந்த வாரமே வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவர் நின்ற நிலையைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் தோற்றுப்போய் ஸ்கூட்டரில் ஏறியதாக நீ நினைத்திருந்தால், அது தப்பு.

உடைந்த இறக்கையை மேசையில் போட்டு நானே ஒட்டத் தொடங்கினேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், விருப்பமில்லாமல். பிளேடு எங்கே என்று கை மேசையைத் துழாவியது. நான் அடுப்பில் மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பசைக் குப்பிக்கு வடக்க, கொஞ்சம் கிழக்க தள்ளிக் கெடக்கு" என்றேன். வாய் தானாகச் சொன்னதுதான். நம் வீட்டில் யார் இடது வலது என்று சொல்வார்கள்? கட்டிலைத் தெற்கே நீக்கு, பானை மேற்கு மூலையில் இருக்கிறது, இலையில் கூட்டைக் கொஞ்சம் கிழக்கே வை, இப்படித்தானே பேசி வளர்ந்தோம். அவர் கை துழாவுவதை நிறுத்தியது. நேராகப் போய்ப் பிளேடை எடுத்தது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். "அந்த உப்புத்தாள்?" என்றார். "உங்களுக்குத் தெக்க, மேசை ஓரம்." எடுத்துவிட்டார். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

விமானம் எங்களைப் பார்த்து வந்தால் என்ன, விட்டுப் போனால் என்ன? கிழக்கு கிழக்குதான். அதற்கு முகம் கிடையாது, முதுகு கிடையாது. மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது, எந்தத் திசைக்குத் திருப்ப வேண்டும், இந்த இரண்டை மட்டும் நான் சொன்னால் போதும். இடமா வலமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். மேலேயிருந்து பார்த்துத்தானே வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்தார்? அந்த வயலும் அவர் தலைக்குள் வரைபடமாகக் கிடந்தது, வடக்கு மேலே போட்டு. இதைச் சொன்னதும் மேசை மேல் விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு, "மூக்கு தெக்க, கிழக்க திருப்புன்னா எனக்கு இடது" என்றார். "மூக்கு வடக்க, கிழக்க திருப்புன்னா வலது." தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. இந்த முறை கோபம் வரவில்லை.

பிறகு நாங்கள் ஒத்திகை பார்த்த விதத்தைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். இறக்கை இல்லாத விமானத்தை நான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடப்பேன். அப்பா கிணற்றடியில் ரிமோட்டோடு நிற்பார். "மூக்கு மேக்க, தெக்க திருப்புங்க" என்பேன். அவர் திருப்புவார். வாலில் இருக்கிற சுக்கான் எந்தப் பக்கம் அசைகிறதோ அந்தப் பக்கம் நான் திரும்ப வேண்டும். தப்பாகத் தள்ளினால் நான் மாட்டுத் தொழுவத்தில் போய் முட்ட வேண்டியதுதான். முட்டியும் இருக்கிறேன். கோயிலில் ஆராதனை முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "பறக்கேன்" என்றேன். எவ்வளவு நேரம் தள்ளினால் எவ்வளவு திரும்பும் என்று அப்பா வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். நான் களைத்துப்போய் உட்கார்ந்தாலும் விடமாட்டார். "எழும்பு, இன்னும் ஒரு ரவுண்டு."

அந்த நாட்களில்தான் எனக்குப் பத்மநாபபுரம் அரண்மனை நினைவுக்கு வந்தது. உனக்கு ஏழோ எட்டோ வயசு. கூட்டத்தில் எங்களை விட்டு, உள்ளே இருட்டாகக் கிடக்கிற அறைகளில் எங்கோ போய் அழுதுகொண்டிருந்தாய். உன் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஏலே, அழாத. வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியுகு? அந்தப் பக்கமா பைய நட" என்று முற்றத்திலிருந்து கத்தினார். நீ நடந்து வந்தாய். கண்ணைத் துடைத்துவிட்டு, அரண்மனையையே நீதான் கண்டுபிடித்த மாதிரிப் பெருமையாகப் பார்த்தாய். அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை, பிள்ளையைத் தூக்கப் போகாத அப்பன் என்ன அப்பன் என்று. ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் ஓடிப்போய்த் தூக்குவதுதான் என்று நானும் நினைத்திருந்தேன் மக்கா. நீயும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாய். டம்ளரைக் கையில் கொண்டுபோய் வைக்காதே, அது எங்கே இருக்கிறது என்று சொல். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். நாளைக்கு உன் பிள்ளைகளுக்கும் உன் மனைவிக்கும் இது உதவும்.

போன சனிக்கிழமை காலையில் மறுபடியும் வயலுக்குப் போனோம். உன்னிடம் சொல்லவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். காற்று மெல்ல வடக்கேயிருந்து வந்தது. அண்ணாச்சி தோப்பைக் காட்டி, "அந்தப் பக்கம் மட்டும் விடாதீங்க, தேங்கா வெட்ட இன்னும் நாள் இருக்கு" என்றார். விமானம் களத்தில் ஓடி எழும்பியது. "மூக்கு வடக்க. மேக்க திருப்புங்க" என்றேன். திரும்பியது. "மூக்கு மேக்க. இனி தெக்க." திரும்பியது. எங்களைப் பார்த்து வந்தது. "மூக்கு தெக்க. கிழக்க திருப்புங்க." ஒரு தயக்கமும் இல்லாமல் திரும்பியது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. அப்பா வானத்தைப் பார்க்கக்கூட இல்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, காதை என் பக்கம் வைத்து, அலுவலகத்தில் படம் வரைகிற மேசைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். இடையில் ஒரு தரம் அவருடைய பார்வைக்குள்ளேயே அது குறுக்கே போனது. "கண்டேன்! மஞ்சளா போகுது!" என்றார்.

அடுத்த சுற்றில் கிழக்கே போனபோது தோப்புக்கு மேல் ஏறியிருந்த வெயிலுக்குள் போய்விட்டது. நான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். கண் கூசியது, நீர் வழிந்தது. ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெளிச்சம்.

"சொல்லு" என்றார்.

"தெரியல."

"என்னத்த தெரியல?"

"எனக்கும் தெரியல! வெயிலுக்குள்ள போச்சு. ஐயோ, எங்கன்னே தெரியல!"

நான் கத்திய கத்தலில் அண்ணாச்சி ஓடி வந்தார். அப்பா அசையவில்லை. "பதறாத. கிழக்க போனது கிழக்கதான் நிக்கும்" என்றார். கை மெதுவாகத் தள்ளியது, வாய்க்குள் எண்ணினார். "வடக்க திருப்புகேன்... திருப்பிட்டேன். இனி மேக்க... நீ வெயில பாக்காத. மலைய பாரு. மலைக்கு முன்னால வரும்." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்தேன். நீலமாக நின்ற மலைக்கு முன்னால், சொன்ன இடத்தில், மஞ்சளாக வந்தது. மூக்கு மேற்கே. எங்கள் இரண்டு பேரில் அந்த நேரத்தில் பார்வை இருந்தது அவருக்குத்தான். "வந்துட்டு" என்று சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. "அழுகத பொறவு அழலாம், இப்ப மூக்கு எங்க, சொல்லு" என்று அதட்டினார். சொன்னேன்.

தெற்கே குளத்தங்கரை வரை கொண்டுபோய், கிழக்கே திருப்பி, வடக்கே மூக்கை வைத்து இறக்கினார். "நேர. நேர. தாழ. இன்னும் தாழ. கொஞ்சம் தூக்குங்க." களத்தைத் தாண்டி, அடுத்த வயலில் தாளுக்குள் உரசிக்கொண்டு போய், மூக்குக் குத்தி நின்றது. எடுக்க ஓடினேன். பின்னால் அவர் குரல் வந்தது.

"நில்லு ஏட்டி. நான் போறேன். நீ அங்க நின்னு சொல்லு."

இடையில் இரண்டு வரப்பும், தண்ணீர் வற்றிய ஒரு வாய்க்காலும் இருந்தன. டாக்டரிடம் போய் வந்ததிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டி அவர் தனியாக நடந்ததில்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. "வடக்க நடங்க. வரப்பு வருது, கால தூக்குங்க" என்றேன். முதல் வரப்பைத் தாண்டினார். வாய்க்காலில் இறங்கி ஏறினார். இரண்டாவது வரப்பில் கால் தட்டி, முழங்கால் மண்ணில் பட விழுந்தார். அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். "நில்லுங்க அண்ணாச்சி." நின்றார், என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். அப்பா கையை ஊன்றி எழுந்தார். வேட்டியைத் தட்டினார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பக்கூட இல்லை.

"எங்க?"

"வடக்கதான். கொஞ்சம் மேக்க சாஞ்சு."

போனார். குனிந்தார். மூக்கிலிருந்து வால் வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "ஒண்ணும் ஆவல! மூக்குல உள்ள காத்தாடி மட்டும் ஒடிஞ்சிருக்கு!" என்று மலை கேட்கிற மாதிரிக் கத்தினார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, காலையில் எழுந்து எது கிழக்கு என்று கேட்டேன். போனில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாய். பார்த்துச் சொன்னாய், நாங்களும் மறந்துவிட்டோம். லிப்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், நாள் முழுக்க ஒரே மாதிரி விளக்கு. நல்ல கண் இருந்தபோதே அப்பா ஒரு நாள் வேறு யாரோ வீட்டு மணியை அடித்துவிட்டு நின்றார். அங்கே நீ அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாய், எனக்குத் தெரியும். ஒவ்வொரு டம்ளரும் கைக்கு வரும். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். உன் வீட்டில் அவர் குருடர். இங்கே கண் கொஞ்சம் தெரியாத மனுஷன், அவ்வளவுதான்.

அதனால் வரமாட்டோம். அந்த வீட்டுக்காரரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல். இதைப் படித்ததும் போன் செய்து கத்துவாய். கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன், முடிவு மாறாது. என்னால் முடியாத நாள் வரும். அதை நான் மறைக்கமாட்டேன், அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன். அதுவரை நீ விடுமுறைக்கு வா, மனைவியைக் கூட்டிக்கொண்டு வா. உனக்கும் வயலில் வேலை இருக்கிறது. வெயிலுக்குள் போனால் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். நான் ஓட்டை போட்டது இடது இறக்கையில் இல்லை, வலது இறக்கையில் என்று திருத்தினார். உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முழங்கால் காயத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விழமாட்டேன்னு நான் சொல்லல மக்கா. விழுந்தாலும் எங்க விழுந்து கெடக்கேன்னு எனக்குத் தெரியும்."

அம்மா